எள்ளோடு வந்தவர்கள்

"வயல் இல்லையோ இந்த நாட்டில? மனிசரை விட வளர்க்கிற பண்டி கூடின நாடு இது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கமம். இதை விட்டிட்டு வெள்ளாண்மை படிக்க உகண்டாவுக்குப் போறாளாம்."

"அம்மா, மெதுவாக் கதையுங்கோ. ஜன்னல் திறந்திருக்கு."

"திறந்திருக்கட்டும். மேரிகிறேஸ் அக்காவுக்கும் கேக்கட்டும்."

கேட்டது. மேரிகிறேஸுக்கு மட்டுமல்ல, அந்த வரிசையில் இருக்கும் எல்லா வீட்டுக்கும் கேட்டது. விபோர்க் நகரத்தின் ஓரத்தில், செங்கல் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் தெரு அது. குளிர்காலம் முழுக்க அடைத்துக் கிடக்கும் குசினி ஜன்னல்களை வைகாசி பிறக்கத்தான் திறப்பார்கள். ஆகவே ஒவ்வொரு குடும்பத்தினுடைய அரையாண்டுச் செய்தியும் எங்களுக்கு வைகாசியில்தான் மொத்தமாக வந்து சேரும். காது கொடுக்கக் கூடாது என்றுதான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் வேலி இடுப்பளவுதான் வளர்ந்திருக்கிறது.

சத்தம் போட்டவர் ராசமலர். முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல் வேலை செய்பவர். அங்கே நாள் முழுக்க டெனிஷில் மெல்லப் பேசிவிட்டு வருவதால், வீட்டுக்கு வந்ததும் தமிழில் உரத்துப் பேசினால்தான் நெஞ்சு இளகும் என்பார். மெதுவாகக் கதைக்கச் சொன்னவள் ஒரே மகள் சாரங்கி. நகரத்துக்கு வெளியே ஒரு ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. மாடு விடும் ஏப்பத்தில் எவ்வளவு வாயு இருக்கிறது என்று அளந்து, அதைக் குறைக்க என்ன தீனி போடலாம் என்று பார்ப்பதுதான் அங்கே அவளுக்குப் படிப்பு. டொக்டர், எஞ்சினியர் என்று பிள்ளைகளைச் சொல்லும் கூட்டத்தில் "என்ர மகள் மாட்டு ஏப்பம் அளக்கிறாள்" என்று சொல்ல ராசமலர் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதையும் ஒருவாறு பழகிக்கொண்ட நேரத்தில்தான் இந்த உகண்டா.

தகப்பன் தேவராசா மேசையடியில் இருந்தபடி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. வாயைத் திறப்பதற்கு அவருக்கு ஜன்னலை விடக் கூடுதலான காற்று வேண்டும்.

"நீங்கள் ஏன் வாய் மூடிக்கொண்டு இருக்கிறியள்? சொல்லுங்கோவன்."

"நான் என்னத்தைச் சொல்லுறது. அவள் சொல்லப் போறதுதான் தெரியுமே."

தெரியும்தான். 'யாய் பெஸ்டெமர் செல்.' நானே தீர்மானிப்பேன். இந்த நாட்டுப் பாலர் பள்ளி எங்கள் பிள்ளைகளுக்கு முதலில் கற்றுக்கொடுத்த முழு வசனம் அது. சப்பாத்து நாடா கட்டுவதில் தொடங்கி, வீட்டை விட்டுப் போவது வரை அந்த வசனத்தையே வைத்து ஒப்பேற்றிவிடுவார்கள்.

ஆனால் அன்றைக்குச் சாரங்கி அதைச் சொல்லவில்லை.

"இல்லை அப்பா. இந்த முறை நான் தனியத் தீர்மானிக்கேலாது. அந்த உகண்டா யூனிவர்சிட்டி விடாது. நீங்கள் ரெண்டு பேரும் அவையின்ர முகத்துக்கு நேர ஓம் எண்டு சொல்லவேணும். சொல்லாட்டி என்ர இடம் வேற ஆருக்கோ போயிடும். சனிக்கிழமை வீட்டை வருகினம்."

"ஆர் வருகினம்?"

"டொக்டர் அபெர். அவவோட ஒக்கெல்லோ. எங்கட பண்ணையில ஒரு கூட்டத்துக்கு வந்து நிக்கினம்."

"ஒக்கெல்லோ ஆர்?" தேவராசா கத்தியைக் கீழே வைத்தார்.

"லெக்சரர். நல்ல மனிசன். என்ர பஸ் வந்திட்டுது, நான் போறன்."

கதவு சாத்திய சத்தம் கேட்டது. அதோடு பிள்ளை பண்ணை விடுதிக்குப் போய்விட்டாள். சனிக்கிழமை வரை வரமாட்டாள். வீட்டில் மிஞ்சியது உரித்த வெங்காயமும் அந்த "நல்ல மனிசன்" என்ற சொல்லும்தான்.

கொஞ்ச நேரத்தில் மேரிகிறேஸ் வேலிக்கு வந்துவிட்டார். நாவாந்துறைக்காரி, இந்தத் தெருவின் மூத்த குடி. முழு யூலாந்துப் பகுதியிலும் எந்த வீட்டில் கலியாணம் கட்டாத பிள்ளை இருக்கிறது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லுவார். சாரங்கிக்கென்று ஓல்போர்க்கில் ஜதுர்சன் என்ற பெடியனைப் பார்த்து வைத்தவரும் அவர்தான்.

"ராசம், நீ யோசி. எத்தினை பிள்ளையள் இந்தத் தெருவில இருந்து யூனிவர்சிட்டிக்குப் போனதுகள். எந்த யூனிவர்சிட்டியாவது வீட்டை வந்து தாய் தகப்பனிட்டச் சம்மதம் கேட்டதோ?"

"இல்லை அக்கா."

"ஒரு பெரிய மனிசி. கூட ஒரு பெடியன், அவன் நல்லவனெண்டு பெட்டையே சொல்லுறாள். சனிக்கிழமை பார்த்து வீட்டை வருகினம். தாயும் தகப்பனும் வாயால ஓம் எண்டு சொல்லவேணும். இதுக்கு எங்கட ஊரில என்ன பேர்?"

ராசமலர் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளையிட்ட ஃபோன் எடுத்துக் கேக்கட்டோ அக்கா?"

"கேட்டு, அவள் ஓமெண்டு சொல்லிப்போட்டால் என்ன செய்வாய்?"

அதுதான் சங்கதி. கேட்டால் ஒரு பதில் வந்துவிடும் என்ற பயத்தில் அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் உகண்டாவில் இருந்து சாரங்கியைப் பெண் கேட்டு வருகிறார்கள் என்ற செய்தி தெருமுனைக் கடை வரை போய்விட்டது. அது அங்கே எப்படிப் போனது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

மறுப்பதென்று ராசமலர் முடிவு கட்டிவிட்டார். ஆனால் வீட்டுக்கு வருபவர்களை வெறும் வாயோடு அனுப்ப முடியாதே. சனி விடிய எழும்பி ரோல்ஸ் சுற்றினார், கட்லட் உருட்டினார், உழுந்து அரைத்து வடை தட்டினார். உதவிக்கு வந்த மேரிகிறேஸ் மேசையைப் பார்த்துவிட்டு, "இனிப்பு ஒண்டையும் காணேல்லை" என்றார்.

"இனிப்பு வைச்சால் சம்மதம் எண்டாயிடும் அக்கா. எல்லாம் உறைப்பு. ரோல்ஸுக்கு ரெண்டு பங்கு மிளகாய்த்தூள் போட்டிருக்கிறன்."

"தேத்தண்ணிக்குச் சீனி?"

ராசமலர் கொஞ்சம் யோசித்தார். "கேட்டால் குடுப்பம்."

பின்னேரம் வெய்யிலும் ஆலங்கட்டி மழையும் மாறி மாறி வந்தன. நகரத்தைச் சுற்றி, கடுகு இனத்து ரேப்ஸ் வயல்கள் மஞ்சளாய்ப் பூத்திருக்க, அதற்கு மேலே வானம் ஈயச்சட்டி நிறத்தில் தொங்கியது. பஸ்ஸிலிருந்து மூன்று பேர் இறங்கி, தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். சாரங்கி முன்னால். பின்னால் உயரமான, ஐம்பதைத் தாண்டிய பெண், மழையிலும் நடையைக் கெடுக்காதவர். அவருக்குப் பின்னால் தன் அளவை விடப் பெரிய இரவல் குளிர்ச்சட்டைக்குள் ஒக்கெல்லோ. அவன் கையில் துணி மூடிய கூடை. எதிர் வீட்டுத் திரைச்சீலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அசைந்தன.

இனிச் சொல்லப்போவது, சாட்சிக்கென்று உள்ளே இருத்தப்பட்ட மேரிகிறேஸ் சொன்னதும், வேலி சொன்னதும் சேர்ந்தது. இரண்டுக்கும் இடையில் பெரிய முரண்பாடு இல்லை.

எல்லோரும் அமர்ந்தார்கள். தேவராசா கலியாண வீட்டுக்குப் போடும் சேர்ட்டில் இருந்தார். ஒக்கெல்லோவுக்கு ஒரு ரோல்ஸ் கொடுக்கப்பட்டது. அவன் கடித்தான், கண் கலங்கினான், இன்னொன்று எடுத்தான். ராசமலருக்கு அது நல்ல சகுனமாகப் படவில்லை.

டொக்டர் அபெர் ஆங்கிலத்தில் பேசினார். தேவராசாவுக்கு ஆங்கிலம் ஓரளவு விளங்கும், ராசமலருக்கு விளங்காது. ஆகவே சாரங்கி தமிழாக்கினாள். வழக்குக்குச் சொந்தக்காரியே மொழிபெயர்ப்பாளராகவும் இருப்பது எந்த நீதிமன்றத்திலும் நடக்காது என்று மேரிகிறேஸ் முணுமுணுத்தார்.

"முதல்ல தாங்கள் கொண்டு வந்ததை வாங்கச் சொல்லுறா. அதுக்குப் பிறகுதான் கதையாம்."

ஒக்கெல்லோ கூடையை நீட்டினான். ராசமலர் கையை மடியில் வைத்துக்கொண்டார். தட்டை வாங்கினால் பாதிச் சம்மதம். மேரிகிறேஸும் கண்ணால் வேண்டாம் என்றார். பொறுக்க முடியாமல் சாரங்கியே வாங்கித் துணியை விலக்கினாள்.

உள்ளே ஒரு பை நிறைய வெள்ளை எள்ளு. போத்தலில் எள்ளு அரைத்த களி. பக்கத்தில் தேனில் உருட்டிய எள்ளுருண்டை.

செத்த வீட்டுக்கும் திவசத்துக்கும் இறைக்கிற எள்ளு. அதுவும் சனிக்கிழமையில். கோயிலில் சனீஸ்வரனுக்கு எரிக்கிற சாமான், கூடை நிறைய, வரவேற்பறை மேசையில், கட்லட்டுக்குப் பக்கத்தில்.

ராசமலர் எள்ளைப் பார்த்தார். ஒக்கெல்லோவைப் பார்த்தார். அவருடைய முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது.

"இஞ்சாருங்கோ, பொம்பிளை கேட்டு வாறவை எள்ளோட வருவினமோ?"

"வரமாட்டினம்" என்றார் தேவராசா.

"உலகத்தில ஒருத்தரும் வரமாட்டினம். இவை சம்பந்தம் பேச வரேல்லை, அக்கா. இவை வேற என்னத்துக்கோ வந்திருக்கினம்."

சாரங்கி தாயையும் தகப்பனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவளுக்குப் பிடிபட்டது. முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு டெனிஷில் ஏதோ சொன்னாள். அதை இங்கே எழுதாமல் விடுவதே மரியாதை. டொக்டர் அபெர் என்னவென்று கேட்க, வேறு வழியில்லாமல் மொழிபெயர்த்தாள். டொக்டர் அபெர் சிரிக்கத் தொடங்கினார். அவர் உட்கார்ந்திருந்த கதிரை சிரித்தது, மேசைத் தட்டுகள் சிரித்தன, எங்கள் வீட்டுச் சுவர் வரைக்கும் அந்தச் சிரிப்பு வந்தது. ஒக்கெல்லோ மட்டும் பதறி, கைத்தொலைபேசியை எடுத்துத் தன் மனைவியையும் இரட்டைப் பிள்ளைகளையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே காட்டினான். மேரிகிறேஸுக்கு இரண்டு தரம் காட்டினான்.

"அப்ப என்னத்துக்குச் சம்மதம்?" தேவராசா கேட்டார்.

டொக்டர் அபெர் சொல்லச் சொல்லச் சாரங்கி சொன்னாள்.

"எங்கட பக்கம் கனகாலம் சண்டை. சனம் எல்லாம் முகாமில. சண்டை முடிஞ்சு காணிக்குத் திரும்பினால், முகாமில பிறந்த பிள்ளையளுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாது. மாடு இல்லை, விதை இல்லை. அந்த நேரம்தான் எங்கட யூனிவர்சிட்டி தொடங்கினது. நாங்கள் புத்தகத்தையும் கொண்டு கிராமத்துக்குப் போனம். ஒருத்தரும் காது குடுக்கேல்லை. ஒரு மனிசி சொன்னா, படிப்பிக்க வந்தால் போயிட்டு வாங்கோ, பிள்ளையா வந்தால் சாப்பாடு போடுவம் எண்டு."

தேவராசா கதிரையின் நுனிக்கு வந்திருந்தார். "முகாமில எவ்வளவு காலம் இருந்தவை?"

"சிலபேர் ஒரு பிள்ளை பிறந்து வளர்ற காலம்" என்றார் டொக்டர் அபெர். இதைச் சாரங்கி மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. தேவராசா தலையாட்டினார். அந்த வீட்டில் முகாம் என்ற சொல்லுக்கு அகராதி வேண்டியதில்லை.

அன்றிலிருந்து அந்தப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்கிற எவரும் ஒரு விளைச்சல் காலம் முழுக்க ஒரு கமக்கார வீட்டில் பிள்ளையாக இருக்கவேண்டும். விதைப்பு, களையெடுப்பு, சந்தை, காய்ச்சல், சண்டை எல்லாவற்றுக்கும் கூட நிற்கவேண்டும். முடிவில் அந்த வீட்டார் பல்கலைக்கழகத்துக்கு வருவார்கள். பேராசிரியர்களுக்குப் பக்கத்தில் அவர்களுக்கும் கதிரை. இந்தப் பிள்ளை வந்து எங்கள் வீட்டில் என்ன மாறியது என்று சொல்லுவார்கள். ஒன்றும் மாறவில்லை என்றால் பட்டம் இல்லை.

"ஒக்கெல்லோ முதல் தரம் ஃபெயில்" என்றாள் சாரங்கி.

"ஏனாம்?"

"நல்லாக் கதைச்சானாம். களை புடுங்கேல்லையாம்."

ஒக்கெல்லோ மூன்றாவது ரோல்ஸுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

எள்ளு வந்த கதையும் வந்தது. சாரங்கி போய் இருக்கவேண்டிய வீடு லாமுனு என்பவருடையது. முன்பு அந்த ஊரில் எள்ளை வெறும் நிலத்தில் காயப்போடுவார்களாம். மண் கலந்து கிடக்கும், வியாபாரி பார்த்தவுடன் அரை விலை சொல்லுவான். மாணவர்களும் ஊர்ப் பெண்களும் சேர்ந்து கட்டுக் கட்டாக நிமிர்த்தி, கீழே தறப்பாள் விரித்துக் காயவைக்கப் பழகினார்கள். நல்ல காய்களாகத் தெரிந்து விதைக்கு எடுத்தார்கள். பிறகு தனித்தனியே விற்காமல் ஒன்றாக விற்றார்கள். போன வருடம் எண்ணெய் பிழிய ஒரு இயந்திரமும் வாங்கிவிட்டார்கள்.

"அங்கதான் நான் தேவை, அப்பா. எண்ணெய் எடுத்தாப் பிறகு மிஞ்சுமே, அந்த... அந்தக் கட்டி..."

"பிண்ணாக்கு."

"ஓம், அது. அதைச் சும்மா கொட்டுகினம். மாட்டுக்கு எவ்வளவு குடுத்தால் பால் கூடும், கண்டுக்குட்டி வளரும் எண்டு பாக்கவேணும். நான் இஞ்சை அதைத்தானே படிச்சனான். இஞ்சை ஒரு கமக்காரனுக்குக் கண்ணுக்கெட்டின தூரம் வயல். அவன் மெசினுக்குள்ள இருந்து கை காட்டுவான், நான் கை காட்டுவன், அதோட சரி. அங்க அதே அளவு நிலத்தில ஒரு ஊரே இருக்கு. நான் பிழையாச் சொன்னால் அண்டைக்கே வந்து கேப்பினம்."

பல காலத்துக்குப் பிறகு சாரங்கி மூச்சு விடாமல் தமிழில் இவ்வளவு பேசியது அன்றுதான் என்று மேரிகிறேஸ் சொன்னார்.

டொக்டர் அபெர் தேவராசாவைப் பார்த்து அடுத்ததைச் சொன்னார். "லாமுனு தன்ர வீட்டுக்கு ஒரு மகளை எடுக்கிறா. ஒருத்தரின்ர மகளைக் கேக்காமல் எடுக்கிறது எங்களுக்குப் பழக்கமில்லை. அதாலதான் வந்தனாங்கள்."

"அதோட," சாரங்கி இழுத்தாள், "லாமுனு ஒண்டு கேட்டு விட்டிருக்கிறாவாம். நான் மொழிபெயர்க்க விரும்பேல்லை."

"சொல்லு" என்றார் தகப்பன்.

"இந்தப் பிள்ளையின்ர குறை என்னெண்டு தாய்தான் சொல்லவேணுமாம். தெரிஞ்சால்தான் வைச்சுப் பாக்கலாமாம்."

ராசமலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சம்பந்தம் பேசுகிற இடமெல்லாம் பிள்ளையின் குறையை மறைத்து மறைத்துக் களைத்துப்போன தாய் அவர். ஒரு குறையும் இல்லாத பிள்ளை என்று ஜதுர்சனின் தாய்க்கு அவர் சொன்ன பொய்கள் அவருக்கே பாரமாயிருந்தன. இப்போதோ குறையைச் சொல்லு என்று ஒரு பல்கலைக்கழகமே வந்து கேட்கிறது.

"எழுத ஏதும் வைச்சிருக்கினமோ? விடிய எழும்பமாட்டாள் எண்டு சொல்லு."

சாரங்கி மொழிபெயர்த்தாள்.

"சட்டி எரிஞ்சால் தண்ணியை ஊத்தி மூலையில ஒளிச்சு வைப்பாள். மூண்டாம் நாள் மணக்கத்தான் எங்களுக்குத் தெரியும். சொல்லு."

சொன்னாள்.

"பசியில ஆரோடையும் கொழுவுவாள். தோத்தால் மூண்டு நாள் கதைக்கமாட்டாள். ஈர உடுப்பைக் கட்டிலில போடுவாள். சாமி படத்துக்கு முன்னாலையே காலை நீட்டிக்கொண்டு ஃபோன் நோண்டுவாள். முழுக்கச் சொல்லுறியோ, இல்லாட்டி வெட்டிச் சொல்லுறியோ?"

"முழுக்கத்தான் சொல்லுறன், அம்மா."

"முழுக்கத்தான் சொல்லுறாள்" என்றார் தேவராசா. "நான் கவனிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்."

டொக்டர் அபெர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ராசமலர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். தன்னுடைய குறையையெல்லாம் ஒன்று விடாமல் அந்நிய மனிதருக்கு ஒப்புவித்துவிட்டு, காது சிவந்துபோய் நிற்கும் மகளைப் பார்த்தார்.

"ஆனால் பொய் சொல்லமாட்டாள்" என்றார். "இதையும் சொல்லு, பிள்ளை. பிழை விட்டால் விட்டனெண்டு சொல்லுவாள். மாடு எண்டால் உயிர். இவ்வளவும்தான்."

இதை மொழிபெயர்க்கச் சாரங்கிக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

இனித் தேவராசா. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமி, மகளிடம் தமிழில் பேசினார். வழக்கத்துக்கு மாறாக நிறையவே பேசினார்.

"இவவுக்கு இதைச் சொல்லு. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த நாள் தொட்டு உன்னைப் பற்றி எங்களிட்ட ஒருத்தரும் கேட்டதில்லை. பாலர் பள்ளியில என்ன சாப்பிடுறாய் எண்டு உன்னட்டக் கேட்டாங்கள். பெரிய பள்ளிக்கூடத்தில எங்களைக் கூப்பிட்டு இருத்திப்போட்டு, என்ன படிக்கப்போறாய் எண்டு உன்னட்டக் கேட்டாங்கள். கடைசியில பல்லுப் பிடுங்கிறதுக்கும் உன்னட்டத்தான் கேட்டாங்கள். பிழை எண்டு சொல்லேல்லை. நீ நல்லாத்தான் வந்தாய். ஆனா நான் பக்கத்தில கதிரை மாதிரி இருந்தன். இண்டைக்குத்தான் ஒரு யூனிவர்சிட்டி பஸ் எடுத்து வந்து என்ர முகத்தைப் பாத்துக் கேக்குது. இவ்வளவு மரியாதை தெரிஞ்ச இடத்தில நீ படிக்காமல் வேற எங்க படிக்கப்போறாய்?"

சாரங்கி சொல்லி முடித்தாள். கடைசிப் பகுதி சரியாக வந்திருக்காது, அழுதுகொண்டு சொன்னாள். டொக்டர் அபெர், "அது ஓமா?" என்று கேட்டார். அவருக்கு அந்தச் சொல் காதால் கேட்கவேண்டும்.

தேவராசா மனைவி பக்கம் திரும்பினார். "ராசம், ரவை இருக்கோ?"

ராசமலர் ஏற்கெனவே எழுந்துவிட்டார். குசினியில் முந்திரிகைப் பருப்பு வறுபடும் வாசம் வந்தது, சீனி டின் திறக்கும் சத்தம் வந்தது. கேசரி கிண்டும் கரண்டியோடு அவர் வாசலில் வந்து நின்று, யாரும் மொழிபெயர்க்க அவசியமில்லாமல், "யெஸ்" என்றார். தேவராசாவும் "யெஸ்" என்றார். மேரிகிறேஸும் சொன்னார், அவரை ஒருவரும் கேட்காவிட்டாலும்.

அன்று எள்ளுருண்டையை முதலில் எடுத்தவரும் அவர்தான். தான் மாதா கோயில்காரி, தனக்குச் சனீஸ்வரனோடு கணக்கு வழக்கு இல்லை என்றார். ராசமலர் சனிக்கிழமை கழியட்டும் என்று பார்த்து, ஞாயிறு காலை இரண்டைச் சாப்பிட்டுவிட்டு, எள்ளு நல்ல பதத்தில் வறுத்திருக்கிறார்கள் என்று வேலிக்கு மேலால் அறிவித்தார்.

ஆடியில் சாரங்கி போனாள். அறுவடை முடிய லாமுனு பல்கலைக்கழகக் கதிரையில் இருந்து, பிள்ளை விடிய எழும்பப் பழகவில்லை, ஆனால் ஊரில் இப்போது ஒருவரும் பிண்ணாக்கைக் கொட்டுவதில்லை என்று சொன்னாராம். பாஸ். தேவராசாவும் ராசமலரும் அதைப் பார்க்கப் போயிருந்தார்கள். போனவர்கள் ஒரு மாதம் கூடுதலாக நின்றுதான் திரும்பினார்கள்.

ஜதுர்சன் காத்திருக்கவில்லை. இஷொய் என்ற ஊரில் இருந்து மரினா என்ற பெண்ணைக் கட்டி, ஓல்போர்க்கில் வீடு வாங்கியிருக்கிறான். அந்தச் சம்பந்தமும் மேரிகிறேஸின் கைவேலைதான். அவர் இப்போது இங்கே இல்லை, பேரப்பிள்ளை பார்க்க, அதே இஷொயில் இருக்கும் தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இந்தத் தெருவுக்கு அது பெரிய நட்டம்.

சாரங்கி இன்னும் கலியாணம் கட்டவில்லை. அங்கேயே வேலை எடுத்துவிட்டாள். மாணவர்களை வீடுகளில் கொண்டுபோய் விடுவது அவள் பொறுப்பு. போன வசந்தத்தில் டெனிஷ் பெடியன் ஒருவனுக்காக ஸ்கீவ பக்கம் ஒரு பன்றிப் பண்ணைக்குக் கூடையோடு போனாள். உங்கள் மகனை ஒரு வீட்டுக்குப் பிள்ளையாக எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாள். அவன்தானே தீர்மானிக்கவேண்டும் என்றாராம் தகப்பன். இல்லை, நீங்கள்தான் என்றாளாம் இவள். மனிதர் எழுந்து வெளியே போய்ப் பன்றிகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டு வந்து, சாப்பிட்டுவிட்டுப் போகும்படி சொன்னாராம்.

பெடியன் போனான். தை மாதம் அவனைப் பார்க்கவென்று போன தாயும் தகப்பனும், பண்ணையைத் தகப்பனின் தம்பியுடைய பொறுப்பில் விட்டுவிட்டு, இன்னும் திரும்பி வரவில்லை.